வீட்டுவசதிச் சட்டம் ஒன்றில் முதலில் படிக்க வேண்டிய பிரிவு எது?

மருதன்:

அனைவருக்கும் வணக்கம். குறைந்த வருவாய்ப் பிரிவினரின் வீட்டுவசதிக்காகப் பல்வேறு நாடுகள் தேசிய அளவில் இயற்றியுள்ள சட்டங்களை ஒப்பிட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதும் முயற்சியில் இருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, போதிய வீட்டுவசதியைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 26-ஆவது பிரிவில் கூறுகிறது. கனடா 2019-இல் இயற்றிய தேசிய வீட்டுவசதி உத்திச் சட்டமும் அதனை அடிப்படை மனித உரிமையாக ஏற்கிறது. ஆனால் இவ்விரு நாடுகளிலும் வீட்டுத் தட்டுப்பாடு தீர்ந்தபாடில்லை. சிங்கப்பூரில் 1960-இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகமோ இப்படி ஓர் உரிமைப் பிரகடனத்தின் மீது எழுப்பப்பட்டதன்று. எனினும் அந்நாட்டில் வசிப்போரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் அக்கழகத்தின் வீடுகளில்தான் வாழ்கிறார்கள்.

ஆகவே என் கேள்வி இதுதான். ஒரு நாட்டின் வீட்டுவசதிச் சட்டம் கைக்கு வந்தால், அது உண்மையில் வீடுகளைப் பெற்றுத்தருமா, தாளோடு நின்றுவிடுமா என்பதைக் கணிக்க எந்தப் பிரிவுகளைப் படிக்க வேண்டும்? உரிமையைச் சட்டத்தில் எழுதிவைப்பதால் ஏதேனும் பயன் உண்டா? சட்டத்துறையிலோ நகரமைப்புத் துறையிலோ அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய வழக்கறிஞர்:

மருதன் அவர்களுக்கு வணக்கம். முகப்புரையையும் நோக்கங்களையும் பிறகு படித்துக்கொள்ளலாம். கடமை தவறியவருக்கு என்ன நேரும் என்று சொல்லும் பிரிவுக்கு நேராகச் செல்லுங்கள். அப்படி ஒரு பிரிவே கண்ணில் படவில்லை என்றால், அரசின் கொள்கை அறிக்கை ஒன்றைச் சட்டத்தின் நடையில் அச்சிட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டாக நான் கருதுவது, பிரான்சு 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்றிய நகர்ப்புறச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. பெரிய நகரத் தொகுப்புகளுக்குள் அமைந்து, 3,500 பேருக்கு மேல் வசிக்கும் ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் உள்ள முதன்மைக் குடியிருப்புகளில் 20 விழுக்காட்டைச் சமூக வாடகை வீடுகளாக, அதாவது குறைந்த வருவாயினருக்குக் குறைந்த வாடகையில் விடும் வீடுகளாக, வைத்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. பாரிஸ் வட்டாரத்தில் இந்த மக்கள்தொகை வரம்பு 1,500 பேர்தான். 2013-இல் வந்த சட்டம் பெரும்பாலான நகராட்சிகளுக்கு அந்தப் பங்கை 25 விழுக்காடாக உயர்த்தி, 2025-ஆம் ஆண்டை இறுதிக் கெடுவாக வைத்தது. 2022-இல் அந்தக் கெடு நீக்கப்பட்டாலும் கடமை நீங்கவில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை நிர்ணயிக்கப்படும் இலக்குகளோடு அது நிலையான விதியாகிவிட்டது.

இந்த எண்களைக் காட்டிலும் அவற்றுக்குப் பின்னால் வருவதுதான் முக்கியம். பற்றாக்குறையாக உள்ள வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நகராட்சியின் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை பிடித்தம் செய்யப்படுகிறது. மூன்றாண்டு இலக்கையும் எட்டாமல், அதற்குத் தக்க காரணமும் காட்டாத நகராட்சியைக் கடமை தவறியதாக அறிவிக்க மத்திய அரசின் பிரதிநிதியான பிரெஃபேவுக்கு அதிகாரம் உண்டு. அவ்வாறு அறிவித்தபின் பிடித்தத் தொகையை ஐந்து மடங்கு வரை உயர்த்தலாம். நிலம் விற்பனைக்கு வரும்போது அதைப் பிறருக்கு முன்பாக வாங்கும் நகராட்சியின் உரிமை பிரெஃபேவின் கைக்குப் போய்விடும். சில வகைக் கட்டடங்களுக்கான அனுமதியைக்கூட மேயரைக் கேட்காமல் பிரெஃபேவே வழங்க முடியும். நெய்யி-சூர்-சேன் போன்ற செல்வந்த நகராட்சிகள் இன்னமும் இலக்குக்கு வெகு தொலைவில் நின்று தண்டத்தைச் செலுத்திக்கொண்டிருப்பது உண்மைதான். ஆயினும் இந்தப் பிரிவின்மீது மேயர்கள் பலருக்கு இருக்கும் தீராத எரிச்சலே அதற்குப் பல் இருக்கிறது என்பதற்குச் சான்று என்பேன்.

உரிமையை எழுதிவைப்பதால் பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கும் பிரான்சிலேயே ஒரு பாடம் உண்டு. 2007 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டம், வீடு கேட்டு நீதிமன்றத்துக்கே செல்லும் உரிமையைக் குடிமகனுக்கு வழங்கியது. முதலில் மாவட்ட அளவிலான ஒரு குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவசரத் தேவை உள்ளவர் என்று அக்குழு ஏற்றுக்கொண்டால், குறித்த மாதங்களுக்குள் வீடு ஒதுக்க அரசு கடமைப்பட்டது. ஒதுக்காவிடில் நிருவாக நீதிமன்றம் அரசுக்கு நாள் கணக்கில் தண்டம் விதிக்கலாம். கேட்க அருமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்தத் தண்டத்தொகை வீடற்றவரின் கைக்கு வருவதில்லை; வீட்டுவசதி உதவிக்கென அரசே வைத்திருக்கும் நிதியத்துக்குத்தான் போகிறது. ஒரு பையிலிருந்து எடுத்து மற்றொரு பையில் போட்டுக்கொள்வதைத் தண்டனை என்று எப்படிச் சொல்வது? பாதிக்கப்பட்டவர் இழப்பீடு வேண்டுமென்றால் தனியாக வழக்குத் தொடுக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்க அனுபவம் வேறு வகையானது. கேப் டவுன் அருகே வாலஸ்டீன் விளையாட்டுத் திடலில் பிளாஸ்டிக் விரிப்புகளுக்கு அடியில் தங்கியிருந்த குடும்பங்கள் தொடுத்த குரூட்பூம் வழக்கில், 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்டவுடன் வீடு பெறும் உரிமையை 26-ஆவது பிரிவு எவருக்கும் தரவில்லை என்று நீதிமன்றம் கூறியது. அதே வேளையில், தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களுக்கு உடனடியாக உதவ எந்த ஏற்பாடும் இல்லாத ஒரு திட்டம் நியாயமான திட்டமாகாது என்றும் தீர்த்தது. நெருக்கடிக்கால வீட்டுவசதித் திட்டம் ஒன்றை அரசு 2004-இல் வகுத்ததற்கு அந்தத் தீர்ப்பே தூண்டுகோல். ஆனால் வழக்குக்குத் தன் பெயரைத் தந்த ஐரீன் குரூட்பூம், 2008-இல் இறக்கும்போதும் குடிசையில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். அதே 26-ஆவது பிரிவில், எல்லாச் சூழ்நிலைகளையும் பரிசீலித்து நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணையின்றி எவரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்னும் மூன்றாவது உட்பிரிவு இருக்கிறதே, அது அந்நாட்டு நீதிமன்றங்களில் அன்றாடம் பயன்படுகிறது. உரிமைப் பிரிவு புதிய வீட்டைக் கட்டித்தருவதைவிட, இருக்கும் குடிசையைக் காப்பாற்றித் தருவதில் வல்லது என்பது என் துணிபு.

நிலவொளி:

வழக்கறிஞர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். அதனோடு, விலக்கு அளிக்கும் பிரிவையும் தேடிப் படிக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். தண்டனைப் பிரிவு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், விலக்குப் பிரிவு அகலமாகத் திறந்திருந்தால் சட்டம் அதன் வழியே வெளியேறிவிடும்.

இந்தியாவின் 1976-ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் இதற்கு உதாரணம். மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்கள் இடம்பெற்ற முதல் வகுப்புப் பகுதிகளில் ஒருவர் 500 சதுர மீட்டருக்கு மேல் காலிமனை வைத்திருக்கக் கூடாது என்று அது விதித்தது. பிற வகுப்புகளுக்கு 1,000, 1,500, 2,000 என்று வரம்பு விரிந்தது. மிகையான நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்றும், அதற்கு அதிகபட்சமாக இரண்டு லட்சம் ரூபாய் வரைதான் இழப்பீடு கிடைக்கும் என்றும் சொன்னது. இதைவிடக் கடுமையான சட்டத்தைக் கற்பனை செய்வதே அரிது. ஆனால் 20-ஆவது பிரிவு, பொதுநலன் என்ற காரணத்தாலோ உரிமையாளருக்கு மிகுந்த இன்னல் நேரும் என்ற காரணத்தாலோ விலக்கு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. 21-ஆவது பிரிவோ, நலிந்த பிரிவினருக்கு வீடு கட்டப்போவதாக உறுதியளிப்பவர் நிலத்தைத் தானே வைத்துக்கொள்ள வழிவிட்டது. விலக்குக் கோரும் விண்ணப்பங்களும் வழக்குகளும் குவிந்தன. அரசின் கைக்கு உண்மையில் வந்துசேர்ந்த நிலம் சொற்பம். வழக்கில் சிக்கிய மனைகள் சந்தைக்கும் வராமல், ஏழைகளுக்கும் போகாமல் முடங்கிக் கிடந்தன. 1999-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தை நீக்கியது; மகாராட்டிரம் அந்த நீக்கத்தை ஏற்க 2007 வரை எடுத்துக்கொண்டது.

மாநிலம் ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்கலாம். இந்தியாவில் நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது. மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டதன் பேரில், அரசியலமைப்பின் 252-ஆவது உறுப்பின்கீழ்தான் நாடாளுமன்றம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றவே முடிந்தது. தமிழ்நாடு 1978-இல் தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டாட்சி நாடுகளில் வீட்டுவசதி குறித்த தேசியச் சட்டம் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதைத் தேவை மட்டும் தீர்மானிப்பதில்லை; அதிகாரப் பட்டியலும் தீர்மானிக்கிறது. சொத்து மாற்றமும் ஒப்பந்தமும் பொதுப்பட்டியலில் இருப்பதால் 2016-இல் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தை நாடாளுமன்றத்தால் கொண்டுவர முடிந்தது. வீடு வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற அதன் விதி மிகவும் பயனுள்ளது. ஆனால் அது வாங்கும் வசதி உள்ளவரைத்தான் காக்கிறது. வாங்க முடியாதவருக்கு அதில் இடமில்லை. அவர்களுக்கென 2015-இல் தொடங்கப்பட்ட பிரதமர் வீட்டுவசதித் திட்டம் சட்டம் அன்று. வழிகாட்டி நெறிகளால் இயங்கும் அரசுத் திட்டம்.

சிங்கப்பூரின் வெற்றிக்கும் நிலமே அடிப்படை. 1966-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசுக்குப் பரந்த அதிகாரம் தந்தது. பின்னர் வந்த திருத்தம் இழப்பீட்டுக்கான மதிப்பை 1973 நவம்பர் 30 அன்றிருந்த விலையோடு கட்டிப்போட்டது. நிலத்தின் விலை பிறகு எவ்வளவு ஏறினாலும் அந்த ஏற்றம் உரிமையாளருக்குப் போகவில்லை. அந்த அடிப்படைத் தேதி பின்னாளில் மாற்றப்பட்டது. முழுச் சந்தை விலை என்ற முறை 2007-இல்தான் வந்தது. அந்நாட்டு அரசியலமைப்பில் சொத்துரிமை அடிப்படை உரிமையாக இடம்பெறவில்லை என்பதையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள். சிங்கப்பூரை மற்ற நாடுகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுவோர் பெரும்பாலும் இந்த ஒரு செய்தியை விட்டுவிடுகிறார்கள்.

வரைகோல்:

நான் நகரமைப்புத் துறையைச் சேர்ந்தவன். மேலே எழுதிய இருவரும் நிலத்தையும் வீட்டையும் எப்படிப் பங்கிடுவது என்றே பேசுகிறார்கள். கட்டுவதற்கே அனுமதி இல்லாத இடத்தில் எதைப் பங்கிட முடியும்? என்னைக் கேட்டால், நிலப் பயன்பாட்டு மண்டலங்களை யார் வரையறுக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சப்பானில் மண்டலங்களின் வகைகளைத் தேசியச் சட்டமே வகுக்கிறது. நாடு முழுமைக்கும் இப்போது 13 வகைகள்தான் உள்ளன. நகராட்சி அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து வரைபடத்தில் தீட்டலாமே தவிர, தனி வீடு தவிர வேறெதுவும் கூடாது என்று தானாகப் புதிய வகை ஒன்றைப் படைத்துக்கொள்ள முடியாது. மிகக் கட்டுப்பாடான குடியிருப்பு மண்டலத்தில்கூட அடுக்குமாடி வாடகை வீட்டைக் கட்டலாம், உயர வரம்பையும், மனையின் பரப்புக்கு எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்னும் பரப்பளவு விகிதத்தையும் மீறாதவரை. அக்கம்பக்கத்தவர் விரும்பவில்லை என்பதற்காக அனுமதி மறுக்கப்படுவது அங்கே அரிது.

நியூசிலாந்து 2020-இல் கொண்டுவந்த நகர்ப்புற வளர்ச்சி குறித்த தேசியக் கொள்கை ஆணையும் இவ்வழியில் வந்ததே. விரைவுப் போக்குவரத்து நிலையங்களிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் குறைந்தது ஆறு மாடிக் கட்டடங்களைப் பெருநகரங்கள் அனுமதிக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை வாகன நிறுத்துமிடம் வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதிகளையும் நீக்கச் செய்தது. இரண்டாவது மாற்றம் சிறியதாகத் தோன்றலாம். வாகனத்துக்காக ஒதுக்கும் பரப்பு கட்டுமானச் செலவில் எவ்வளவு இடம்பிடிக்கிறது என்று கணக்குப் போட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வீடுகளில் ஒரு பங்கைக் குறைந்த வருவாயினருக்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்னும் கட்டாய ஒதுக்கீட்டை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அனுமதிக்கும் மாடிகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் ஒதுக்கீட்டை மட்டும் சுமத்தினால், அது புதிய வீடுகளின்மீது மட்டும் விதிக்கப்படும் வரியாகிவிடும். பழைய மாளிகைக்காரர் எதையும் தரவேண்டியதில்லை. புதிதாகக் கட்டுபவரும் வாங்குபவரும் சுமையைத் தாங்குவார்கள்.

பழைய வழக்கறிஞர்:

வரைகோல் அவர்கள் கூறுவதில் பாதியை ஏற்கிறேன். அனுமதி தாராளமானால் நடுத்தர வருவாய்க்காரரின் வாடகை காலப்போக்கில் தணியலாம். ஆனால் கட்டுமானச் செலவையே ஈடுகட்ட முடியாத வருவாய் உள்ளவருக்குச் சந்தை எத்தனை மாடி கட்டினாலும் அதில் இடம் கிடைக்காது. தாராளமான அனுமதி என்றாலே நிலத்தின் விலையும் உடனே உயர்ந்துவிடும். அந்த உயர்வில் ஒரு பங்கைப் பொதுநலனுக்காகத் திரும்பப் பெறும் வழியைச் சட்டமே சொல்லியிருக்க வேண்டும்.

பிரேசிலின் 2001-ஆம் ஆண்டு நகரச் சட்டம் அத்தகைய வழிகளில் சிலவற்றைச் சொல்கிறது. அடிப்படை அளவுக்கு மேல் மாடிகள் எழுப்பும் உரிமையை நகராட்சி விலைக்கு விற்கலாம். பயன்படுத்தாமல் போட்டுவைத்த நகர்ப்புற மனைக்கு ஐந்து ஆண்டுகள் வரை சொத்துவரியை ஆண்டுக்காண்டு உயர்த்திக்கொண்டே போகலாம். அப்போதும் உரிமையாளர் அசையவில்லை என்றால், அரசுக் கடன் பத்திரங்களை விலையாகக் கொடுத்து நிலத்தைக் கையகப்படுத்தலாம். இவற்றை நடைமுறைப்படுத்தும் துணிவு எல்லா நகராட்சிகளுக்கும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒதுக்கீட்டுப் பிரிவுகளைப் படிக்கும்போது துணைச் சொற்களையும் கவனியுங்கள். பிலிப்பைன்சின் 1992-ஆம் ஆண்டு நகர்ப்புற வளர்ச்சி மற்றும் வீட்டுவசதிச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, மனைப்பிரிவு உருவாக்குவோர் அதன் பரப்பிலோ செலவிலோ 20 விழுக்காட்டுக்குச் சமமான ஏழையர் குடியிருப்பை அமைக்க வேண்டும் என்றது. 2016-இல் இது 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, அடுக்குமாடித் திட்டங்களுக்கு 5 விழுக்காடு புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதே நகரத்துக்குள் அமைக்க வேண்டும் என்று சொன்ன வாக்கியத்திலேயே, இயலும்போதெல்லாம் என்ற ஒரு சொற்றொடரும் ஒட்டிக்கொண்டிருந்தது. நகரத்துக்குள் நிலம் விலையேறிக் கிடக்கையில், இயலவில்லை என்று சொல்வதைவிட எளிதானது வேறென்ன?

மருதன்:

மூவருக்கும் மிக்க நன்றி. எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கற்றுக்கொண்டேன். இன்னும் ஓர் ஐயம். ஒதுக்கீட்டாலோ மானியத்தாலோ கட்டப்பட்ட வீடு, குறைந்த வாடகை வீடாகவே எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதைச் சட்டங்கள் எப்படிக் கையாள்கின்றன?

எண்சுவடி:

இவ்வளவு நேரமும் இந்தக் கேள்வியை யாராவது எழுப்புவார்களா என்றுதான் காத்திருந்தேன். வீடுகளைக் கட்டச் செய்த பல சட்டங்கள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் குறைந்த வருவாய் வீட்டுவசதிக்கான வரிச்சலுகை 1986-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்தோடு வந்தது. தொடக்கத்தில் 15 ஆண்டுகள் மட்டும் வாடகையைக் கட்டுக்குள் வைத்தால் போதும் என்றிருந்தது. 1990 முதல் ஒதுக்கப்பட்ட திட்டங்களுக்கு அது குறைந்தது 30 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. ஆனால் 14-ஆவது ஆண்டு கடந்தபின் உரிமையாளர், சட்டம் சொல்லும் கணக்குப்படி ஒரு விலைக்கு வாங்குவோரைத் தேடித்தருமாறு மாநில முகமையைக் கேட்கலாம். ஓராண்டுக்குள் முகமையால் தேடித்தர முடியாவிட்டால், குடியிருப்போருக்கு மூன்றாண்டுப் பாதுகாப்போடு கட்டுப்பாடு விலகிவிடும். இந்த வாய்ப்பைக் கைவிடுவதாக எழுதித்தருபவருக்கே சலுகை என்று பல மாநிலங்கள் இப்போது நிபந்தனை விதிக்கின்றன.

பிரிட்டனில் 1980-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், நகராட்சி வீட்டில் மூன்றாண்டுகள் குடியிருந்தவர் அதைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ள உரிமை தந்தது. வாங்கியவர்களுக்கு அது பெரும்பேறு. அடுத்த தலைமுறை வாடகைதாரருக்கு அந்த வீடுகள் இல்லாமல் போயின. ஸ்காட்லாந்து 2016-லும் வேல்ஸ் 2019-லும் இந்த உரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தன.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றும் ஒப்பீடு ஆஸ்திரியாவும் செருமனியும். இரு நாடுகளிலும் வரம்புக்குட்பட்ட இலாபத்தில் இயங்கும் வீட்டுவசதி நிறுவனங்களுக்கெனச் சட்டம் இருந்தது. வாடகை அடக்கச் செலவையொட்டி அமைய வேண்டும், உபரி மீண்டும் வீடு கட்டுவதற்கே போக வேண்டும், பதிலுக்கு வரிவிலக்கு உண்டு என்பது அதன் சாரம். கட்டடம் எவ்வளவு பழையதானாலும் கட்டுப்பாடு நிறுவனத்தின் இயல்போடு பிணைந்திருந்ததால், இத்தனை ஆண்டுகள் என்ற கெடுவே எழவில்லை. செருமனியில் தொழிற்சங்கங்களுக்குச் சொந்தமான நோயே ஹைமாட் நிறுவனத்தின் முறைகேடுகள் 1982-இல் அம்பலமாகி, இத்துறையின் மதிப்பே குலைந்தது. 1990 தொடக்கத்தில் அந்தச் சட்டத்தையே அரசு கைவிட்டது. ஆஸ்திரியா 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தை இன்றும் வைத்திருக்கிறது. செருமனியில் மானியம் பெற்ற வீடுகளின் கட்டுப்பாட்டுக் காலம் ஒவ்வொன்றாக முடிவடைய, சமூக வீடுகளின் எண்ணிக்கை பல்லாண்டுகளாகச் சரிந்துவந்திருக்கிறது. ஓர் ஊழலுக்குத் தண்டனையாக ஒரு முறைமையையே கலைத்தது மிகையான செயல் என்பது என் கருத்து, மற்றவர்கள் மாறுபடலாம்.

ஆகவே உங்கள் கட்டுரையில் ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே, கட்டுப்பாடு எத்தனை ஆண்டுகள், அது வீட்டைப் பற்றியதா உரிமையாளரைப் பற்றியதா, இடையில் விடுபட வழி உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தகவல்கள் பெரும்பாலும் முதன்மைப் பிரிவுகளில் இராமல் வரையறைகளிலும் உட்பிரிவுகளிலும் புதைந்து கிடக்கும். அமெரிக்க வரிச் சட்டத்தில் மேலே சொன்ன 30 ஆண்டுக் கட்டுப்பாடும், அதிலிருந்து விடுபடும் வழியும் 42-ஆவது பிரிவில் எச் உட்பிரிவின் ஆறாவது பத்தியில் அடுத்தடுத்தே இருக்கின்றன.